கேமுக்கு ஆர்கெஸ்ட்ரா இசை: வீட்டு ஸ்டுடியோவில் கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி

வீட்டு அறையில் உட்கார்ந்து கேமுக்கு ஆர்கெஸ்ட்ரா இசை செய்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று காதில் பட்டதும் கை போகிற இடம் ஒன்றுதான்: தள்ளுபடியில் கிடக்கும் இன்னொரு சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியங்களின் பதிவுத் தொகுப்பு). பெரும்பாலும் அது வீண் செலவு. கோளாறு எழுதிய ஸ்வரத்தில் இருக்கலாம், அதை வாசித்த விதத்தில் இருக்கலாம், அறையிலோ கணினியிலோ இருக்கலாம், கடைசியாகக் கேமுக்குள் போன கோப்பிலும் இருக்கலாம். எங்கே என்று தெரியாமல் காசு செலவழித்துப் பயனில்லை. உங்கள் காதில் விழும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். அங்கே சொல்லியிருக்கும் சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் மருந்துக்குப் போங்கள்.

வயலின்கள் ஆர்மோனியம் மாதிரி கேட்கின்றன

அடிக்கடி வரும் புகார் இது. அந்த டிராக்கைத் தனியாக வைத்து, அதற்குக் கீழே சிசி 1 கோட்டைத் திறந்து பாருங்கள். கீபோர்டில் இருக்கும் மாட் வீல் என்ற சக்கரத்தின் மிடி எண் அது. கோடு படுக்கையாக நேராகப் போகிறதா? வேறு எங்கும் தேட வேண்டாம்.

வில் போட்டு வாசிக்கிற யாரும் இரண்டு நொடி நீளும் ஒரு ஸ்வரத்தை ஒரே அழுத்தத்தில் இழுப்பதில்லை. லைப்ரரிகளில் மெதுவாக வாசித்தது, நடுத்தரமாக வாசித்தது, ஓங்கி வாசித்தது என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். பெரும்பாலான லைப்ரரிகளில் மாட் வீல்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துகிறது. அதாவது ஒலியின் அளவு மட்டுமல்ல, நிறமும் மாறுகிறது. சிசி 11 அப்படியல்ல, அளவை மட்டும் ஏற்றி இறக்கும். பலர் சிசி 11-ஐ மட்டும் வரைந்துவிட்டு, ஏன் உயிர் இல்லை என்று கேட்கிறார்கள். ஓங்கி வாசித்ததை வால்யூம் குறைத்துக் கேட்டால் அது மெதுவாக வாசித்ததாக ஆகிவிடாது.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்வரங்களை முதலில் பதிந்துவிடுங்கள். அப்புறம் பாட்டை ஓடவிட்டு, அந்த மெட்டை வாயால் பாடிக்கொண்டே வீலை மட்டும் நகர்த்தி இன்னொரு முறை பதியுங்கள். நாலு பார் (தாளச் சுற்று) நீளும் ஒரு வரி என்றால் 45-இல் தொடங்கி, மூன்றாவது பாரில் 85 வரை ஏறி, முடிவில் 40-க்கு இறங்குவது நல்ல ஆரம்பம். மவுஸால் வரைந்த கோட்டுக்கும் கையால் போட்ட கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிசி 11-ஐக் கடைசியில் சின்னச் சின்னத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீல் சரியாக இருந்தும் ஆர்மோனியம் போகவில்லையா? ஸ்வரங்களின் நீளத்தைப் பாருங்கள். ஒரு ஸ்வரம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கினால்தான் லெகாட்டோ (ஸ்வரங்களை ஒட்டி இழைப்பது) வேலை செய்யும். நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் லைப்ரரி ஒவ்வொன்றையும் புதிதாக வில் போட்டுத் தொடங்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் நீட்டிவிட்டால் சரியாகிவிடும்.

தனிப் புல்லாங்குழல், தனி ஓபோவில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல் உண்டு. வீலை நடு உயரத்தில் நிறுத்தி வைத்தால் மெல்லிய பதிவும் ஓங்கிய பதிவும் ஒரே நேரத்தில் ஒலித்து, இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். அந்த உயரத்தில் தங்காமல் சட்டென்று கடந்துவிடுங்கள்.

எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் பின்தங்கிக் கேட்கிறது

கிரிட்டில் (திரையின் தாளக் கட்டங்களில்) கச்சிதமாக வைத்த ஸ்வரம் தாளத்துக்குப் பின்னால் வருகிறது என்றால் உங்கள் வாசிப்பைக் குறை சொல்லாதீர்கள். லெகாட்டோ பதிவில் முந்தைய ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழுக்கலும் சேர்ந்தே இருக்கிறது, அதற்கு நேரம் பிடிக்கும். சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் என்ற லைப்ரரியில் இது வெளிப்படையாகவே தெரியும். மெதுவாக அழுத்தினால் 333 மில்லிசெகண்ட், நடுத்தரமாக 250, வேகமாக 100. கால் நொடி என்பது 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) அரை பீட்.

ஒரு டிராக்கில் ஒரே வகை வாசிப்புதான் என்றால் டிராக்குக்கே மைனஸ் தாமதம் கொடுத்துவிடலாம். ரீப்பர், கியூபேஸ், லாஜிக் என்ற பதிவு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கிறது. ஒரே டிராக்கில் குட்டை ஸ்வரமும் லெகாட்டோவும் கலந்து வந்தால் அது போதாது. இரண்டையும் தனித்தனி டிராக்காகப் பிரிப்பது நல்லது. எத்தனை மில்லிசெகண்ட் என்று தெரியாவிட்டால் மெட்ரோனோமைப் போட்டு, தாமத எண்ணைக் காது ஒப்புக்கொள்ளும்வரை நகர்த்துங்கள்.

குட்டை ஸ்வரங்கள் இயந்திரத் துப்பாக்கி மாதிரி தடதடக்கின்றன என்றால் அது வேறு கதை. எல்லாவற்றின் வெலாசிட்டியும் (கீயை அழுத்திய வேகம்) ஒரே எண்ணில் இருக்கும், அல்லது லைப்ரரியில் ரவுண்ட் ராபின் (ஒரே ஸ்வரத்துக்கு வேறு வேறு பதிவை மாற்றி மாற்றி எடுப்பது) அணைந்திருக்கும். பாரின் முதல் ஸ்வரத்தை அழுத்தி, நடுவில் வருவதைத் தளர்த்தி வாசித்தாலே பாதி போய்விடும்.

ஆட்கள் நிறைய, ஆனால் சத்தம் சேறு

சோதனை எளிது. ரிவெர்ப் (அரங்க எதிரொலி) முழுவதையும் அணையுங்கள். சேறு போய்விட்டால் ரிவெர்ப்பைக் குறையுங்கள், அவ்வளவுதான். போகவில்லை என்றால் எழுதியதில்தான் கோளாறு. எந்த ஈக்யூவும் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளை ஏற்றி இறக்குவது) அதைக் காப்பாற்றாது.

முதல் வயலின் பேட்ச் (லைப்ரரியில் திறக்கும் ஒரு வாத்தியம்) என்பது முழு ஆர்கெஸ்ட்ராவில் 16 பேர் கூட்டம். அதில் கீபோர்டால் நாலு ஸ்வர கார்ட் ஒன்றைப் பிடித்தால் 64 பேர் வாசிப்பதாக ஆகிவிடுகிறது. அப்படி ஒரு மேடை எங்கும் கிடையாது. ஒரு பேட்சுக்கு ஒரு ஸ்வரம் என்று கார்டைப் பிரித்துக் கொடுங்கள்: மேல் ஸ்வரம் முதல் வயலினுக்கு, அடுத்தது இரண்டாம் வயலினுக்கு, அதற்கடுத்தது வியோலாவுக்கு, அடி ஸ்வரம் செல்லோவுக்கு. அதே எட்டு பார் தெளிவாகக் கேட்கும். அப்புறம் கீழ்ப் பக்கத்தைப் பாருங்கள். செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் நடுவில் மூன்றாம் ஸ்வரத்தை நுழைத்திருப்பீர்கள். கீழே ஆக்டேவும் (ஒரு ஸ்தாயி தள்ளி வரும் அதே ஸ்வரம்) ஐந்தாம் ஸ்வரமும் போதும், மூன்றாவதை மேலே ஏற்றுங்கள். பியானோவில் யோசித்து ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

மெட்டு காணாமல் போனால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். புல்லாங்குழலின் கீழ் ஆக்டேவ் மிக மெல்லியது, டிராம்போன் வாசிக்கும்போது அது உண்மையான அரங்கிலும் கேட்காது. உங்கள் மிக்ஸரில் பத்து டெசிபெல் ஏற்றினால் கேட்கும்தான், கூடவே பொய்யும் கேட்கும். ஒரு ஆக்டேவ் மேலே கொண்டுபோங்கள்.

வேறு வேறு லைப்ரரிகளைக் கலந்தால் இன்னொன்றும் நடக்கிறது. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பல தொகுப்புகள் லண்டன் ஏர் ஸ்டுடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹாலில் பதிந்தவை. பெர்லின் என்ற லைப்ரரி வரிசை டெல்டெக்ஸ் அரங்கில் பதிந்தது. வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரியின் பழைய தொகுப்புகள் எதிரொலி அநேகமாக இல்லாத இடத்தில் பதிந்தவை. மூன்றையும் அப்படியே ஒன்றாக வைத்தால் வாத்தியங்கள் மூன்று கட்டடங்களில் உட்கார்ந்திருக்கும். அறையொலி அதிகமுள்ளதில் குளோஸ் மைக்கை (வாத்தியத்துக்கு அருகில் வைத்தது) ஏற்றுங்கள், வறண்டதில் ட்ரீ மைக்கை (தள்ளி உயரத்தில் வைத்தது) ஏற்றுங்கள், பிறகு எல்லாவற்றையும் ஒரே ரிவெர்ப்புக்குக் கொஞ்சம் அனுப்புங்கள்.

பிளேபேக்கில் சடசடப்பு

பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 1024-க்கு ஏற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிராசஸர் திணறுகிறது என்று பொருள். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 ஒலி அளவீட்டில், 128 என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்ட் தாமதம். வாசித்துப் பதியும்போது சின்ன எண், மிக்ஸ் செய்யும்போது பெரிய எண். முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது ஒலிக்கோப்பாக மாற்றி வையுங்கள்.

நிற்கவில்லையா? சாம்பிள்கள் பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்கிலிருந்து வருகின்றனவா என்று பாருங்கள். எஸ்எஸ்டிக்கு மாற்றினால் பலருக்கு அதுவே முடிவு. ராம் நிரம்பி வழிந்தால் கான்டாக்டில் (சாம்பிள்களை ஓட்டும் மென்பொருள்) பர்ஜ் செய்து, அதாவது ஏற்றியதைக் காலி செய்து, பாட்டை ஒருமுறை ஓடவிடுங்கள், உண்மையில் வாசித்த ஸ்வரங்கள் மட்டும் ஏறும். விண்டோஸ் என்றால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று பார்க்கலாம். வைஃபையை அணைத்துப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

லேப்டாப்பில் முதலில் நன்றாக ஓடி, கொஞ்ச நேரம் கழித்துச் சடசடப்பு தொடங்கினால் அது சூடு. மே மாதத்தில் நம் ஊரில் மின்விசிறியை மட்டும் நம்பி வேலை செய்தால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடியில் காற்று போக இடம் விடுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள்.

ஒரே ஒரு பேஸ் ஸ்வரம் மட்டும் வீங்குகிறது

இது அறையின் வேலை. பத்தடிக்குப் பத்தடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி நின்று முழங்கும். டபுள் பேஸின் தாழ்ந்த ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். அதனால் ஏ மைனரில் எழுதிய சண்டைக் காட்சி உங்கள் அறையில் பிரமாதமாக அதிரும், வேறு எங்கும் அதிராது. நீங்கள் பேஸைக் குறைத்துவிடுவீர்கள், கேமில் அது மெலிந்துபோகும்.

டபுள் பேஸில் ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி வாசித்து எது துள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியை அறையின் நட்ட நடுவிலிருந்து நகர்த்துங்கள். மூலைகளில் தடிமனாக ஏதாவது வேண்டும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் பேஸைத் தொடாது, அதை வாங்காதீர்கள். கடைசி முடிவை ஹெட்ஃபோனில் எடுங்கள்.

பதிவில் மெல்லிய ரீங்காரம்

மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், எர்த் இணைப்புகளின் வழியே சுற்றி ஓடும் மின்சாரம். எல்லா உபகரணங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள், பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடித்தால் இசை எழுத ஆள் இருக்காது.

நிஜ வயலினைச் சேர்த்தேன், அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது

சாம்பிள்களின் மேல் ஒரு நிஜ வயலினைப் பூசினால் மொத்தக் கூட்டமும் உயிர் பெறும் என்பது உண்மை. ஆனால் மைக்கை வயலினிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிந்தால் வாசிப்பவர் கேட்கிறவரின் மடியில் உட்கார்ந்திருப்பார். மைக்கை ஒரு மீட்டராவது தள்ளி, வாத்தியத்துக்கு மேலே உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அறையில் மெத்தையோ துணி பீரோவோ இருந்தால் நல்லதுதான். மின்விசிறியை அணைக்க மறக்க வேண்டாம், அதன் சத்தம் நாலு டேக் சேர்ந்ததும் அலையாக எழும். ஒரே பகுதியை மூன்று நாலு முறை வாசிக்கச் சொல்லி, இடமும் வலமுமாகப் பரப்பி, சாம்பிளுக்கு அனுப்பிய அதே ரிவெர்ப்புக்கு இதையும் கொஞ்சம் தாராளமாக அனுப்புங்கள். நிஜ வயலின் தனியாகத் தெரியாத அளவுக்குக் குறையுங்கள். அதை அணைத்தால் மட்டும் ஏதோ போய்விட்டது என்று தெரிய வேண்டும்.

கர்நாடக வயலின் கலைஞரை அழைக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒன்று பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் தந்திகளை ஸ–ப–ஸ–ப என்று பாடகரின் சுருதிக்குக் கூட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது ஜி–டி–ஏ–ஈ, அதுவும் ஏ 440-இல். சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குக்குப் போய் வரும் கலைஞர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, ஸ்டாஃப் நொட்டேஷனும் தெரியும். மற்றவர்களுக்கு மெட்டை ஒலியாகவே அனுப்பிவிடுங்கள்.

லூப் திரும்பும் இடத்தில் ஒரு விக்கல்

லூப் என்றால் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் இசைத் துண்டு. இது கேம் இசைக்கே உரிய நோய், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். விக்கல் மூன்று வகை. சின்ன மௌனம் ஒன்று, 'டக்' என்ற சத்தம் ஒன்று, ரிவெர்ப் சட்டென்று வெட்டுப்படுவது ஒன்று. எது என்று முதலில் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மௌனம் என்றால் கோப்பு எம்பி3-யா என்று பாருங்கள். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்பது ஒரு ஒலி அளவீடு, லைப்ரரிப் பதிவு அல்ல) கொண்ட துண்டுகளாகப் பொதிகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு 24 மில்லிசெகண்ட். உங்கள் பாட்டின் நீளம் அந்தத் துண்டுகளில் சரியாக அடங்காவிட்டால் கடைசித் துண்டு வெறுமையால் நிரப்பப்படும், முன்னாலும் கொஞ்சம் வெறுமை சேரும். எவ்வளவு வெட்டினாலும் போகாது. வேவ் அல்லது ஓக் வார்பிஸ் கொடுங்கள், இரண்டும் நீளத்தைச் சாம்பிள் பிசகாமல் காக்கும்.

'டக்' என்றால் வெட்டிய இடம் தவறு. டெம்போவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துவிட்டால் நல்லது. 96 பிபிஎம்மில் ஒரு பீட் 0.625 நொடி, 48 கிலோஹெர்ட்ஸில் மிகச் சரியாக 30,000 சாம்பிள். 16 பார் என்றால் 40 நொடி, 19,20,000 சாம்பிள். 130 பிபிஎம்மில் ஒரு பீட்டே முழு எண்ணில் வராது. 128 வைத்துக்கொண்டால் 22,500. காதுக்கு வித்தியாசம் தெரியாத இந்த இரண்டு பிபிஎம் வெட்டுகிறவருக்குப் பெரிய நிம்மதி.

ரிவெர்ப் வெட்டுப்படுவதுதான் ஆர்கெஸ்ட்ராவில் அதிகம் வருவது. கடைசி பாரின் முழக்கம் இரண்டு நொடி நீள்கிறது, லூப்போ பார் முடிந்ததும் முதலுக்குத் தாவிவிடுகிறது. மருந்து: அந்த 16 பாரையும் அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்புறம் இரண்டாவது சுற்றை மட்டும், அதாவது 40-ஆவது நொடியிலிருந்து 80-ஆவது நொடி வரை, வெட்டி எடுங்கள். அதன் தொடக்கத்தில் முதல் சுற்றின் முழக்கம் ஏற்கெனவே கலந்திருக்கும், எத்தனை முறை திரும்பினாலும் தையல் தெரியாது. முதல் சுற்றை வீணாக்க வேண்டாம். முழக்கம் கலக்காத அந்தத் தொடக்கத்தை முன்னுரைக் கோப்பாகக் கொடுங்கள், கேம் அதை ஒருமுறை வாசித்துவிட்டு லூப்புக்குப் போகட்டும். வைஸ் என்ற கேம் ஒலி மென்பொருளைப் பயன்படுத்துகிற குழு என்றால் எக்ஸிட் கியூ என்ற முடிவுக் குறிக்குப் பிறகு முழக்கத்தின் வாலை அப்படியே விட்டுவைக்கலாம், மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆர்பிஜி மேக்கர் என்ற மென்பொருளில் கேம் செய்யும் குழு என்றால் ஓக் கோப்பின் குறிப்பில் லூப்ஸ்டார்ட், லூப்லெங்த் இரண்டையும் சாம்பிள் எண்ணில் எழுதிக் கொடுத்தால் போதும், ஒரே கோப்பு முன்னுரையும் லூப்புமாக வேலை செய்யும்.

அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

அமைதியாக நடக்கும்போது ஸ்ட்ரிங்ஸ் மட்டும், எதிரி வந்ததும் டிரம்ஸும் பிராஸும் என்று அடுக்கடுக்காகக் கொடுக்கிறீர்கள். விளையாட்டுக்கு ஏற்ப இசையை மாற்றும் யோசனை ஒன்றும் புதிதல்ல, லூக்காஸ் ஆர்ட்ஸ் 1991-இலேயே ஐம்யூஸ் என்ற முறையில் அதைச் செய்துவிட்டது. அன்று மிடி (ஒலியல்ல, ஸ்வரக் குறிப்புகள் மட்டும்), இன்று ஒலிக்கோப்பு, அதனால்தான் புதுச் சிக்கல்கள்.

தாளம் விலகினால் எல்லா ஸ்டெம்களும் (ஒவ்வொரு அடுக்கின் தனிக் கோப்பு) ஒரே சாம்பிளில் தொடங்கி ஒரே நீளத்தில் முடிகின்றனவா என்று பாருங்கள். டிரம்ஸ் நாலாவது பாரில்தான் வருகிறது என்று முன்னால் இருக்கும் மௌனத்தை வெட்டிவிடக் கூடாது. கோப்பு சரி என்றால் நிரலாளரிடம் பேசுங்கள். யூனிட்டி என்ற கேம் என்ஜினில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக பிளே என்று சொல்லாமல் பிளேஷெட்யூல்டு கொடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்க நேரம் குறிக்கச் சொல்லுங்கள்.

தாளம் சரி, ஆனால் எல்லா அடுக்கும் சேர்ந்ததும் உங்கள் மிக்ஸைவிட உரக்கக் கத்துகிறதா? மாஸ்டரில் (எல்லாம் சேரும் கடைசி டிராக்) லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அடக்குவது) போட்டுவிட்டு ஸ்டெம்களைத் தனித்தனியாக எடுத்திருப்பீர்கள். மொத்தத்தில் அழுத்திப் பிடித்த லிமிட்டர் தனித்தனியாக எடுக்கும்போது சும்மா இருந்துவிடும். அதை அணைத்துவிட்டு ஸ்டெம் எடுங்கள், கேமின் மாஸ்டரில் போட்டுக்கொள்ளட்டும். உரப்பு எவ்வளவு என்று குழுவைக் கேளுங்கள். சோனியின் பரிந்துரை வீட்டுக் கன்சோலுக்கு மொத்த ஒலியும் சேர்ந்து மைனஸ் 24 லஃப்ஸ் (உரப்பின் அலகு), கையடக்கக் கருவிக்கு மைனஸ் 18. அது வசனமும் வாள் சத்தமும் சேர்ந்த கணக்கு. இசைக்கு மட்டும் அந்த எண்ணைப் பிடித்தால் மற்றவற்றுக்கு இடமிருக்காது.

இசை நன்றாக இருக்கிறது, விளையாடுகிறவர் அணைத்துவிடுகிறார்

40 நொடி லூப்பை 20 நிமிடம் ஓடும் ஒரு கட்டத்தில் வைத்தால் அதே மெட்டு 30 முறை வரும். எவ்வளவு இனிமையாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் எரிச்சல் வரும். மெட்டைத் தனி ஸ்டெம்மாகப் பிரித்து, மூன்று சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரச் செய்யுங்கள். நடுவில் இசையே இல்லாத நேரமும் வேண்டும். காலடிச் சத்தமும் காற்றும் மட்டும் கேட்கும் ஒரு நிமிடம் அடுத்த இசைக்கு மதிப்பைக் கூட்டும். இசையமைப்பாளர் யாரும் தானாக முன்வந்து இதைச் சொல்வதில்லை.

வசனம் அமுங்கினால் வால்யூமைக் குறைப்பதற்குமுன் வாத்தியத்தை மாற்றிப் பாருங்கள். பேச்சின் தெளிவு 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது, ட்ரம்பெட்டும் ஓபோவும் அங்கேதான் கத்துகின்றன. பேசும் காட்சியில் ஹார்ன், செல்லோ, தாழ்ந்த கிளாரினெட் போதும்.

மொபைல் கேம் என்றால் ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காமல் கோப்பைக் கொடுக்காதீர்கள். பெரிய டிரம்மும் டபுள் பேஸும் அங்கே வரவே வராது. பேஸ் வரியை ஒரு ஆக்டேவ் மேலே பசூனிலோ செல்லோவிலோ இரட்டித்தால் இல்லாத பேஸை மனம் தானே நிரப்பிக்கொள்ளும்.

வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா அனுப்பிய பதிவு பொருந்தவில்லை

புடாபெஸ்ட், பிராக், ஸ்கோப்யே போன்ற ஊர்களில் இணையம் வழியாகவே நிஜ ஆர்கெஸ்ட்ராவைப் பதிந்து வாங்கலாம். வந்த கோப்பு ஒன்றரை ஸ்வரஸ்தானம் விலகி, வேகமும் மாறிக் கேட்டால் பயப்படாதீர்கள். ஒரு பக்கம் சாம்பிள் ரேட் 44.1, மறுபக்கம் 48 கிலோஹெர்ட்ஸ். புராஜெக்ட் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

ஹார்ன் மட்டும் ஐந்தாம் ஸ்வரம் அளவுக்குக் கீழே வாசித்திருந்தால் அது திருத்த முடியாத கோளாறு, காசு போனது போனதுதான். மிடியிலிருந்து நேராக எடுத்த பார்ட்டை அப்படியே அனுப்பியிருப்பீர்கள். எஃப் ஹார்னுக்கு ஒலிக்க வேண்டியதைவிட ஐந்தாம் ஸ்வரம் மேலே எழுத வேண்டும், பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே, டபுள் பேஸுக்கு ஒரு ஆக்டேவ் மேலே. நொட்டேஷன் மென்பொருள் இதைத் தானே செய்யும், வாத்தியத்தின் பெயரைச் சரியாகக் கொடுத்திருந்தால். பார்ட்டுகளில் பார் எண் இருக்கிறதா, கிளிக் டிராக்கில் தொடக்கத்தில் இரண்டு பார் எண்ணிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே மணிக்கணக்கில்தான் காசு, "எந்த பார்?" என்று கேட்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில் ஏறும்.